ஏரியா குரூப்ல பேசுறது ஊரோட ப்ளானை மாத்துமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னைல தெற்குப் பக்கம் ஒரு குடியிருப்போர் வாட்ஸப் குரூப்பை நானும் இன்னும் சில பேரும் சேந்து பாத்துக்கிறோம். ரோடு, கால்வாய், பார்க், பக்கத்து காலி மனைல வரப்போற பெரிய பில்டிங், மெட்ரோ வேலைன்னு எது வந்தாலும் புதுசா சேர்றவங்க கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். ரூல்ஸ் எல்லாம் தமிழ்நாட்டு ரூல்ஸ். நடுவுல பெங்களூர், மும்பை கதையும் வரும், ஏன்னா அங்க இந்த மாதிரி விஷயத்துல ஜெயிச்சும் இருக்காங்க தோத்தும் இருக்காங்க, ரெண்டுமே நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

குரூப்ல பேசுறதால நெசமாவே ஏதாவது மாறுமா?

மாறும். ஆனா பேச்சு குரூப்புக்குள்ளயே நின்னுட்டா மாறாது. ஆபீஸ்ல முடிவு எடுக்குறவர் முன்னாடி இருக்குறது ஒரு ஃபைல், அந்த ஃபைல்ல என்ன பேப்பர் இருக்கோ அதை வெச்சுதான் அவர் நோட் போடுவார். நீங்க ராத்திரி பூரா உக்காந்து நானூறு மெசேஜ் போட்டிருந்தாலும் அது அந்த ஃபைல்ல இல்லைன்னா, "பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை ஏதும் வரவில்லை"ன்னு ஒரு வரி எழுதி அடுத்த டேபிளுக்கு அனுப்பிடுவாங்க, அதுல அவங்க மேல தப்பு சொல்லவும் முடியாது.

அப்ப குரூப் எதுக்குன்னா, நோட்டீஸ் வந்ததை யாராவது ஒருத்தர் சீக்கிரம் கண்டுபிடிச்சு சொல்றதுக்கு, அந்த இடத்தைப் பத்தி பத்து பேருக்கு தனித்தனியா தெரிஞ்சதை ஒண்ணா சேக்குறதுக்கு, கையெழுத்துப் போட ஆள் திரட்டுறதுக்கு. இந்த மூணும் முன்னாடி எல்லாம் சங்கத்துல இருந்த ரெண்டு மூணு பெரியவங்களால மட்டும்தான் முடியும், இப்ப யார் வேணா பண்ணலாம், அதுதான் பெரிய மாற்றம்.

ஆன்லைன்ல ஆரம்பிச்சு ஒரு பெரிய திட்டமே நின்ன கதை இருக்கா?

இருக்கு. பெங்களூர், 2016. பசவேஸ்வரா சர்க்கிள்ல இருந்து ஹெப்பால் வரைக்கும் 6.7 கிலோமீட்டருக்கு இரும்புப் பாலம், மதிப்பு 1,791 கோடி, 800-க்கு மேல மரம் வெட்டணும். இதுக்கு மக்கள்கிட்ட கருத்து கேட்டோம்னு அரசு சொன்னப்ப வெளிய வந்த கணக்கு என்னன்னா, பதில் போட்டது மொத்தம் 299 பேர், அதுல 73 சதவீதம் ஆதரவு. ஒரு கோடி பேர் இருக்குற ஊர்ல 299 பேர்! கருத்து கேட்டது பாதிப் பேருக்கு தெரியவே தெரியாது.

அதுக்கப்புறம்தான் ட்விட்டர், ஃபேஸ்புக், வாட்ஸப்னு "ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா" (பாலம் வேண்டாம்) பத்திக்கிச்சு. அக்டோபர் 16-ம் தேதி ஆயிரக்கணக்குல ஜனங்க ரோட்டோரமா கை கோத்து மனித சங்கிலியா நின்னாங்க, அதே மாசம் பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் கேஸை மட்டும் விசாரிக்கிற தனி கோர்ட்) இடைக்காலத் தடை போட்டுச்சு, 2017 மார்ச்ல அரசே திட்டத்தைக் கைவிடுறோம்னு அறிவிச்சிடுச்சு.

இதுல ஹேஷ்டேகை மட்டும் பாத்தா பாதி கதைதான் தெரியும். ஒரு பக்கம் மரத்தை எண்ணினாங்க, ஒரு பக்கம் செலவு எப்படி இவ்வளவு ஏறுச்சுன்னு கேள்வி கேட்டாங்க, ஒரு பக்கம் கேஸ் போட்டாங்க, ஒரு பக்கம் ரோட்டுல வந்து நின்னாங்க. இன்னொண்ணு, வேண்டாம்னு சொன்னதோட நிக்காம அதே வருஷக் கடைசில புறநகர் ரயில் வேணும்னு "சுக்கு புக்கு பேக்கு"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. 148 கிலோமீட்டர் புறநகர் ரயிலுக்கு 2020-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துச்சு. அந்தக் குரல் மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல, அந்த ரயில் பேச்சு ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா பாலத்துக்கு பதிலா இதைக் குடுங்கன்னு சொல்றவனை வளர்ச்சிக்கு எதிரின்னு அவ்வளவு சுலபமா ஒதுக்க முடியாது பாருங்க. அதே பாலத்தை 2019-ல மறுபடி எடுக்கப் பாத்தாங்க, மறுபடியும் எதிர்ப்பு வந்துச்சு. ஒரு தடவை நின்ன திட்டம் அப்படியே நின்னுடும்னு நினைச்சு குரூப்பை கலைச்சுடாதீங்க.

நிறைய பேர் எதிர்த்தும் நடந்துருச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா, மும்பைல மரம் நிறைஞ்ச ஆரே பகுதி. மெட்ரோ ரயிலை நிறுத்தி வெக்கிற ஷெட்டுக்காக 2,600-க்கு மேல மரங்களை எடுக்குற விஷயத்துல மாநகராட்சி மரக் குழுவுக்கு 80,000-க்கு மேல ஆட்சேபணை வந்துச்சு. இருந்தும் 2019 ஆகஸ்ட் கடைசில அனுமதி குடுத்தாங்க. அக்டோபர் 4-ம் தேதி ஹைகோர்ட் மனுக்களைத் தள்ளுபடி பண்ணுச்சு, அன்னிக்கு ராத்திரியே மரம் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நிறுத்தச் சொல்றதுக்குள்ள 2,141 மரம் போயிடுச்சு. அடுத்து வந்த அரசு ஷெட்டை வேற இடத்துக்கு மாத்துச்சு, அதுக்கு அடுத்து வந்த அரசு மறுபடி ஆரேக்கே கொண்டு வந்துச்சு. எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான், ஒரு ராத்திரில கை மீறிப் போற விஷயத்துல 80,000-ம் ஒண்ணுதான், எண்ணூறும் ஒண்ணுதான்.

ஒரு பாலம், ஒரு ஷெட் சரி, ஊரோட மொத்த ப்ளானையே மாத்த முடியுமா?

மும்பையோட 2034-க்கான டெவலப்மென்ட் ப்ளான் வரைவு 2015 பிப்ரவரில வெளிய வந்துச்சு. ஜனங்க மேப்பைத் திறந்து அவங்கவங்க தெருவைத் தேடிப் பாத்தப்ப, இருக்குற கட்டடம், கோயில், சர்ச் மேல எல்லாம் ரோடு போட்டிருந்துச்சு. ஏரியா ஏரியாவா தப்பைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க, பல்லாயிரக்கணக்குல ஆட்சேபணை போச்சு, ஏப்ரல்லயே முதலமைச்சர் அந்த வரைவைத் தூக்கிட்டு திருத்தி எழுதச் சொன்னார். 2016-ல புது வரைவு, 2018-ல ஒப்புதல். எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இதுதான், ஏன்னா இதுல கோஷத்தை விட வேலை செஞ்சது "எங்க தெருல இந்த இடத்துல நீங்க போட்டது தப்பு"ங்குற சின்னச் சின்ன உண்மை. அதை எழுத எந்த நிபுணரும் தேவைப்படல, அந்தத் தெருல குடியிருந்தாப் போதும்.

நம்ம ஊர்ல யார்கிட்ட போகணும்? எல்லாத்துக்கும் கார்ப்பரேஷனா?

இல்ல, இங்கதான் குரூப்ல நிறைய நேரம் வீணாகுது. தெரு ரோடு, நடைபாதை, தெரு விளக்கு, பார்க், மழைநீர் வடிகால் இதெல்லாம் மாநகராட்சி. குடிதண்ணி, சாக்கடை மெட்ரோ வாட்டர். பெரிய ரோடு பலது நெடுஞ்சாலைத் துறை. ஒரு இடம் வீட்டுப் பகுதியா, கடைப் பகுதியா, விவசாய நிலமான்னு தீர்மானிக்கிறது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), சென்னைப் பெருநகரத்துக்கு வெளியன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ஏரி, குளம், புறம்போக்குன்னா வருவாய்த் துறை, இல்லன்னா நீர்வளத் துறை. தப்பான ஆபீசுக்கு மனு போனா அது சுத்திச் சுத்தி வரதுக்குள்ள நாள் போயிடும், அதனால மொதல்ல அந்த ரோடு யாரோடதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, மாநகராட்சியோட ஏரியா ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) ஒரு போன் போட்டாலே சொல்லிடுவார்.

பேப்பர்ல வர்ற அந்த 21 நாள் விளம்பரம் என்னது?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

ஒருத்தர் அவர் நிலத்தோட நிலப்பயன்பாட்டை மாத்தணும்னு கேட்டா, உதாரணமா விவசாய மண்டலத்துல இருந்து குடியிருப்பு, குடியிருப்புல இருந்து வணிகம்னு, சிஎம்டிஏ அதை பேப்பர்ல விளம்பரம் பண்ணி, ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமா சொல்லுங்கன்னு கேக்கணும். வழக்கமா 21 நாள் தருவாங்க, கடைசித் தேதியை விளம்பரத்துலயே பாத்துக்கோங்க. விளம்பரத்துல கிராமத்து பேர், சர்வே நம்பர், எதுல இருந்து எதுக்கு மாத்துறாங்க, அவ்வளவுதான் இருக்கும். தெரு பேர் போட்டாக் கூட உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குற மனைதான் அதுன்னு சட்டுனு தெரியாது. பெரும்பாலானவங்க இதைத் தாண்டி அடுத்த பக்கம் போயிடுவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஜேசிபி வந்தப்புறம்தான் குரூப்ல "யாரைக் கேட்டு அனுமதி குடுத்தாங்க?"ன்னு சத்தம் வரும். உண்மையைச் சொன்னா நம்மளைக் கேட்டுட்டுதான் குடுத்தாங்க, நாம பதில் சொல்லல.

அதனால ஒவ்வொரு குரூப்லயும் ரெண்டு பேர் இதை மட்டும் பாக்கணும். உங்க ஏரியா எந்த வருவாய் கிராமத்துல வருதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க (உங்க வீட்டுப் பத்திரத்துலயே இருக்கும்), சுத்தி இருக்குற காலி இடம், பார்க், குளம் இதோட சர்வே நம்பரை ஒரு ஷீட்ல எழுதி பின் பண்ணி வெச்சுடுங்க. சிஎம்டிஏ வெப்சைட்ல கிராமமும் சர்வே நம்பரும் போட்டா அந்த இடம் மாஸ்டர் ப்ளான்ல எந்த மண்டலம்னு காட்டும். வருவாய்த் துறை சைட்ல அ-பதிவேடு எடுத்தா அது பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, வண்டிப் பாதையான்னு தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்தா முடிஞ்சுடுற வேலை, பத்து வருஷத்துக்கு உதவும்.

ஆட்சேபணை எப்படி எழுதணும்? ஒரே டெம்ப்ளேட்டை எல்லாரும் அனுப்பலாமா?

அனுப்பலாம், தப்பில்ல, ஆனா நூறு பேர் ஒரே லெட்டரை அனுப்பினா ஆபீஸ்ல அதை ஒரே ஆட்சேபணையா நினைச்சு ஒரே பதிலை எழுதி முடிச்சுடுவாங்க. பத்து பேர் பத்து வேற வேற உண்மையை எழுதினா பத்துக்கும் பதில் யோசிக்கணும். 2015 வெள்ளத்துல எங்க வீட்டு வாசல்ல இடுப்பளவு தண்ணி, இந்த மனை வழியாதான் அது கால்வாய்க்குப் போச்சு, இதோ போட்டோன்னு ஒருத்தர் எழுதலாம். இந்தத் தெரு இருபது அடி கூட இல்ல, ஸ்கூல் வேன் ரெண்டு எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும்னு இன்னொருத்தர் எழுதலாம். ஒரு அக்கா, நான் முப்பது வருஷமா இந்தக் கிணத்துலதான் தண்ணி எடுக்கிறேன், பக்கத்துல போர் போட்டப்புறம் மட்டம் இறங்கிடுச்சுன்னு எழுதலாம். "இயற்கையை அழிக்காதீர்கள்"னு எழுதுறது மனசுக்கு நல்லா இருக்கும், ஆனா அதுக்கு ஒரு இன்ஜினியர் என்ன பதில் எழுதுவார்?

கட்டாயம் இருக்க வேண்டியது: விளம்பரம் வந்த தேதி, சர்வே நம்பர், உங்க பேரு, முகவரி, கையெழுத்து, நீங்க என்ன கேக்குறீங்கன்னு ஒரு தெளிவான வரி. தமிழ்லயே எழுதுங்க, இங்கிலீஷ் வரலைன்னு யாரும் ஒதுங்க வேண்டாம். நேர்ல குடுத்தா நகல்ல சீல் வாங்கிக்கோங்க. தபால்ல அனுப்புறதுன்னா, இப்ப பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, அதனால டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, ரசீதை போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க. மெயிலும் அனுப்புங்க, ஆனா மெயிலை மட்டும் நம்ப வேண்டாம்.

நோட்டீஸ் இங்கிலீஷ்ல மட்டும் இருந்தா?

தமிழ்ல கேளுங்க, எழுத்துல கேளுங்க. 2020-ல பெரிய திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதி எப்படிக் குடுக்கணும்னு சொல்ற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளோட வரைவு வந்தப்ப, அதை அரசியல் சட்ட எட்டாவது அட்டவணைல இருக்குற மொழிகள்ல எல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு, ஆகஸ்ட் 11 வரைக்கும் டைமும் நீட்டிச்சுச்சு. அந்த லாக்டவுன் நேரத்துல நாடு பூரா லட்சக்கணக்குல மெயில் போச்சு, தமிழ்நாட்டுல காலேஜ் பசங்க எல்லாம் வரைவைப் படிச்சு தமிழ்ல வீடியோ போட்டாங்க. அந்த வரைவு அப்படியே சட்டமா வரல.

குரூப்ல போல் போட்டு 90 சதவீதம் ஆதரவுன்னு காட்டினா?

போல் நமக்குள்ள மனநிலையைத் தெரிஞ்சுக்க உதவும், அதுக்கு மேல அதைத் தூக்கிட்டுப் போகாதீங்க. பெங்களூர் பாலத்துக்கு வந்த அந்த 299 பேர் கணக்கை நம்ம எல்லாரும் தப்புன்னுதானே சொல்றோம்? நம்ம குரூப்ல 120 பேர் ஓட்டுப் போட்டு அதை ஏரியாவோட தீர்ப்புன்னு சொன்னா அதுவும் அதே தப்புதான்.

குரூப்ல இல்லாதவங்க?

இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, ஒரே ஒரு தம்பி கேட்டான், அதுக்காகவே இந்தக் கேள்வியைச் சேத்தேன்.

நம்ம குரூப்ல யாரு இருக்கா? சொந்த வீட்டுக்காரங்க, அதுலயும் பாதி பேர் வெளிநாட்டுல இருந்து பேசுறாங்க. வாடகைக்கு இருக்குறவங்களை சில சங்கத்துல சேக்குறதே இல்ல. நம்ம வீட்டுல வேலை செய்யுற அக்கா, இஸ்திரி வண்டிக்காரர், தெரு முனைல காய் விக்கிற பாட்டி, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணங்க, குப்பை எடுக்குறவங்க, கடலோரமா இருந்தா குப்பத்து மீனவர்கள், இவங்க ஒருத்தரும் அதுல இல்ல. அவங்களும் இதே ஏரியாலதான் நடக்குறாங்க, நம்மளை விட அதிகமாவே நடக்குறாங்க.

நடைபாதை வேணும்னு குரூப்ல ஆரம்பிக்கிற பேச்சு ரொம்ப சுலபமா "தள்ளு வண்டிக்காரனைத் தூக்கு"ன்னு முடிஞ்சுடுது, நான் பல குரூப்ல பாத்துட்டேன், வருத்தமா இருக்கு. 2014-ல வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து, விற்பனைக் குழு வெச்சு, அந்தக் குழுவுல வியாபாரிங்களுக்கும் இடம் குடுத்துதான் எங்க விக்கலாம் எங்க கூடாதுன்னு முடிவு பண்ணணும். நாம போட்டோ எடுத்து ட்விட்டர்ல டேக் பண்ணி மறுநாள் வண்டியைத் தூக்க வெக்கிறது ஊரைத் திட்டமிடுறது ஆகாது, ஒரு குடும்பத்தோட அன்னிக்கு வருமானத்தைப் பறிக்கிறதுதான் அது. கால்வாய் ஓரத்துல இருக்குற குடிசைங்களும் அப்படித்தான், சுத்தம் பண்ணுங்கன்னு நாம போடுற ஒரு பெட்டிஷன் அவங்களை இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புல கொண்டு போய் விட்டுடும், வேலையும் போச்சு பசங்க ஸ்கூலும் போச்சு.

நாங்க இப்ப செய்யுறது என்னன்னா, எந்த மனு அனுப்புறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி அந்த இடத்துக்குப் போய் அங்க தினமும் இருக்குறவங்ககிட்ட நேர்ல பேசுறது. அவங்க சம்மதிச்சா அவங்க சொன்னதையும் மனுல எழுதுறோம், சில சமயம் அவங்க சொல்றதுதான் நம்மளோடதை விட நல்ல யோசனையா இருக்கு. பஸ் ஸ்டாப்பை எங்க வெச்சா நிழல் விழும்னு காய்க்கடைக்காரம்மாவுக்குத் தெரியுற மாதிரி நமக்குத் தெரியாது.

ஏரியா சபான்னு ஒண்ணு இருக்காமே?

கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022-ல ரூல்ஸ் வந்துச்சு, ஒவ்வொரு வார்டையும் பல பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சபை, மேல வார்டு கமிட்டி, அதுக்கு கவுன்சிலர்தான் தலைவர். அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு மாநிலம் பூரா கூட்டம் நடந்துச்சு. சென்னைல 200 வார்டு, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி உயிரோட நடக்கலதான், ஆனா அதுக்குக் காரணம் கூட்டத்துக்குப் போறவங்களே கம்மி. கவுன்சிலர் ஆபீஸ்ல அடுத்த கூட்டம் எப்பன்னு கேட்டு தேதியைக் குரூப்ல போடுங்க. கோரிக்கையை எழுத்துல குடுங்க, மினிட்ஸ்ல (கூட்டத்துல பேசினதைப் பதிவு பண்ற குறிப்பு) ஏத்தச் சொல்லுங்க, அடுத்த கூட்டத்துல அந்த மினிட்ஸைக் காட்டி என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஆர்டிஐ-ல (தகவல் உரிமைச் சட்டம்) மினிட்ஸ் நகலே வாங்கலாம், ஃபீஸ் பத்து ரூபாய், முப்பது நாள்ல பதில் தரணும்.

கவுன்சிலரை குரூப்ல சேக்கலாமா?

சேக்கலாம்னு சில பேர், வேண்டாம்னு சில பேர். என் அபிப்பிராயம், தெரு விளக்கு, குப்பைக்கு ஒரு தனி குரூப் வெச்சு அதுல அவரையும் ஏ.இ.யையும் சேருங்க. விவாதம் பண்ற குரூப்ல வேண்டாம், அவர் இருந்தா பாதி பேர் வாயைத் திறக்க மாட்டாங்க.

ட்விட்டர்ல டேக் பண்ணினாலே பள்ளத்தை மூடுறாங்களே, அது போதாதா?

பள்ளத்துக்குப் போதும். மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு போன் போட்டாலும் நடக்கும். ஆனா அந்த ரோட்டுல நடைபாதை எவ்வளவு அகலம், வடிகால் எந்தப் பக்கம் சாயணும்ங்குறதெல்லாம் ட்வீட்ல முடிவாகாது, அது டெண்டர் போடுறதுக்கு முன்னாடி வரைபடம் போடுற நேரத்துலயே போய்ச் சேரணும்.

"புது மெட்ரோ ரூட்", "இந்தத் தெரு அகலப்படுத்துறாங்க"ன்னு மேப் வருதே, நம்பலாமா?

அரசாணை நம்பரோ, நோட்டீஸ் தேதியோ, ஆபீஸ் வெப்சைட்ல அதே பேப்பரோ இல்லாம வர்ற எந்த மேப்பையும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. இதுல பாதி மனை விக்கிறவங்க கிளப்பி விடுறது. இந்த மாதிரி ஒண்ணைப் பாத்து பயந்து குறைஞ்ச விலைக்கு வீட்டை வித்தவங்களும் இருக்காங்க.

மூணாவது மாஸ்டர் ப்ளானுக்கு நாம இப்ப என்ன பண்ணலாம்?

சென்னையோட ரெண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல வந்தது, 2026 வரைக்கும். அடுத்த இருபது வருஷத்துக்கான மூணாவது திட்டத்துக்கு வேலை நடக்குது, தொடக்கத்துல ஆன்லைன்லயும் நேர்லயும் கருத்து கேட்டாங்க. வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது மும்பைல செஞ்ச மாதிரி அவங்கவங்க தெருவை மேப்ல தேடிப் பாக்குறதுதான் வேலை. அதுக்கு இப்பவே உங்க ஏரியால தண்ணி எங்க தேங்குது, பழைய ஓடை எது, லேஅவுட் போட்டப்ப பார்க்குக்குன்னு எழுதிக் குடுத்த ஓஎஸ்ஆர் இடம் எங்கன்னு குறிச்சு வையுங்க. 2015 வெள்ளத்தப்ப முழுகின தெருக்களை ஜனங்களே ஆன்லைன் மேப்ல குறிச்சாங்க, ஆயிரக்கணக்கான தெரு, சில நாள்ல. அந்த வேகத்தை வெயில் காலத்துல கொஞ்சம் காட்டினாப் போதும்.

21 நாள் முடிஞ்சு போச்சு, இப்பதான் தெரியுது. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும், கஷ்டம் அதிகம். லேட்டா இருந்தாலும் ஆட்சேபணையை இன்னிக்கே அனுப்பிடுங்க, முடிவு இன்னும் எடுக்கலைன்னா ஃபைல்ல சேர வாய்ப்பு இருக்கு. கூடவே ஆர்டிஐ போட்டு, விளம்பரம் எந்த பேப்பர்ல என்னிக்கு வந்தது, எத்தனை ஆட்சேபணை வந்தது, அதுக்கு என்ன பதில் எழுதினாங்கன்னு கேளுங்க. நிலப்பயன்பாடு மாறினாலும் கட்டுறதுக்கு திட்ட அனுமதி தனியா வாங்கணும், அங்க ரோடு அகலம், மழைநீர், ஓஎஸ்ஆர் எல்லாம் மறுபடி பாப்பாங்க, உங்க போட்டோவும் கணக்கும் அங்கயும் செல்லும். நீர்நிலை, சதுப்பு நிலம் சம்பந்தப்பட்டதுன்னா சென்னைலயே இருக்குற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனா அதுக்கும் கெடு உண்டு: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து அப்பீல்னா 30 நாள், மத்த விஷயத்துக்கு பிரச்சினை தொடங்கினதுல இருந்து ஆறு மாசம், தகுந்த காரணம் காட்டினா ரெண்டுக்கும் இன்னும் 60 நாள் வரைக்கும் தர முடியும். அதனால விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த வாரத்துக்குள்ள ஒரு வக்கீலைப் பாத்துடுங்க.